அது அந்த ரத்தம் இல்லை

21-6-1983

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு. அஃப்ஸர் ஜஹான் இந்த வருஷம் வரவில்லை. மே மாதம் அவள் பெரியவள் ஆனாள், அதோடு நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது என் பை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் புதுக் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் வைத்தது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடியும் முன்பு ரயில் பாதையைத் தாண்டி ஓடைக்குப் போவோம். இல்லையென்றால் விளக்கு வைத்த பிறகு. பெண்கள் யாரும் பகலில் போவதில்லை.

இன்று மூன்றாம் பீரியடில் வயிறு முறுக்கியது. போனேன். வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக இருந்தது. எனக்கு முன்னால் வந்தவள் யாரோ தண்ணீர் ஊற்றாமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். இல்லை. நான்தான்.

வாளி வாளியாக ஊற்றினேன். வகுப்புக்குத் திரும்பியதும் டீச்சர், "இன்னாடி, கெணத்துலயா போய் உக்காந்திருந்த?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா தூங்கிவிட்டாள். போன வருஷத்துக் கணக்கு நோட்டில் தாள்கள் மிச்சம் இருக்கின்றன. யாரிடமும் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால் இங்கே.

24-6-1983

இன்றும் வந்தது. மலத்தோடு கலந்து வருகிறது. சளி மாதிரியும் கொஞ்சம். எத்தனை நாளாக வருகிறதோ. இருட்டில் போகிறவளுக்கு எப்படித் தெரியும்?

அப்பாவுக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு டேனரியில் வேலை, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில். அந்தக் குழியில் இறங்குகிறவர்களுக்கு உடம்பு சூடாகி மூலம் வரும் என்று ஊரே சொல்லும். அப்பாவும் அதையே சொல்லிக்கொண்டு துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்பார், மோர் குடிப்பார். ஆள் இளைத்து, வெளுத்து, வயிறு உப்பி, கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "எத்தினி மாசமா ரத்தம் போவுது?" என்று டாக்டர் கேட்டார். அம்மா, "தெரியாதுங்க, இருட்டுல போய்ட்டு வர்றவரு" என்றாள். குடலில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அப்பாவுக்கு முப்பத்தொன்பது வயது. போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நான் கதவோரம் அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "இவருக்குக் குடல் பூரா பரு மாதிரி இருக்கு. இது குடும்பத்துல வர்ற நோய். உங்க பொண்ணையும் ஒரு தடவை அழைச்சிட்டு வாங்க, முன்னாடியே பாத்துடலாம்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு அவள் காதில் எதுதான் விழுந்திருக்கும்?

நான் ஏன் ஞாபகப்படுத்தவில்லை?

30-6-1983

இரண்டு மூன்று நாளாக இல்லை. இனிமேல் வராது.

3-7-1983

வந்தது. ஐயோ, எப்படி வந்தது!

ஞாயிற்றுக்கிழமை. பூங்காவனம் அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறாள். ஞாயிறு ஆனால் அம்மாவோடு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டு தெருக்கதை எல்லாம் பேசுவாள். நான் முறத்தை எடுக்கக் குனிந்தேன்.

"அடியே, நில்லு! அப்படியே நில்லு! அண்ணி, இங்க வந்து பாரு, உன் பொண்ணு பெரிய மனுசி ஆய்ட்டா!"

பாவாடையில் பின்பக்கம் கறை. விடியற்காலையில் போய்விட்டு வந்ததிலிருந்து கசிந்திருக்க வேண்டும்.

"இல்ல அத்தை, அது வந்து..."

"இன்னா இல்ல? நானும் பொம்பளதாண்டி. இங்க பாரு, வெக்கத்த!"

அம்மா ஓடி வந்தாள். பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள். அப்பா போனதற்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. "அவரு இருந்திருந்தா..." என்று என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

5-7-1983

மாதனூரிலிருந்து பரந்தாமன் மாமா பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து வாசல் பக்கத்தில் குடிசை கட்டினார். அம்மாவின் தம்பி. தாய்மாமன் கட்டினால்தான் செல்லும். வியர்வை சொட்டச் சொட்ட அவரே ஓலை முடைந்தார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள தண்ணி ஊத்திடணும் அக்கா. அப்புறம் ஒரு மாசம் ஒண்ணும் செய்ய முடியாது."

"உன் மாமா இல்லாத கொறைய நீதான் பாத்துக்கணும் தம்பி."

"எம் பொண்ணுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

மாமா நல்லவர். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் குடிசைக்குள் இருக்கிறேன். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. வாசலில் குறுக்கே உலக்கை போட்டிருக்கிறார்கள். உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய். அம்மா கம்பெனிக்கு லீவு போட முடியாது. ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பிரிவில் ஆள் குறைச்சலாம். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நான் நாள் முழுக்க ஓலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் பச்சை வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு உரிமை இல்லாததைப் பிடித்திருக்கிறது.

8-7-1983

ஓடைக்குத் தனியாகப் போகக்கூடாது. காத்து கறுப்பு அண்டுமாம். கையில் இரும்புத் துண்டைக் கொடுத்து அத்தை கூட வருகிறாள். இன்று விளக்கு வைத்ததும் போனோம். நான் ஒரு புதருக்குப் பின்னால், அத்தை ஒரு புதருக்குப் பின்னால்.

திரும்பி வரும்போது அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாடி, எரியுதுடி. எங்களுக்கெல்லாம் சூட்டு உடம்பு. எங்கப்பாவுக்கு மூலம், எங்கண்ணனுக்கு மூலம், எனக்கும் மூலம். சொத்து எளுதி வெக்காத எங்கப்பன் இத எளுதி வெச்சிட்டுப் போய்ட்டான்!" என்று சிரித்தாள்.

"ரத்தம் வருதா அத்தை?"

"யாரு பாத்தா? பிசுபிசுன்னு இருக்கும். கழுவிட்டு வர்றேன். நீ எதுக்குடி அதையெல்லாம் கேக்கற?"

தாத்தாவும் முப்பத்தைந்து தாண்டவில்லை என்று அப்பா ஒருமுறை சொன்னார். அத்தைக்கு முப்பத்துநான்கு.

எனக்குப் பதினான்கு.

13-7-1983

இன்று தண்ணீர் ஊற்றினார்கள். ரேடியோ செட் கட்டியிருந்தார்கள். வரிசைத் தட்டோடு மாமா தெருமுனையிலிருந்து மேளம் வைத்து வந்தார். வெள்ளிக் கொலுசு, ரோஸ் கலர் பட்டுப்பாவாடை. பஜாரிலிருந்து போட்டோக்காரர் வந்து, "சிரிம்மா, சிரிம்மா" என்றார்.

அத்தைதான் முதல் சொம்பு ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் கண்ணில் இறங்கியது. அழுதேன். அந்த நேரத்தில் எல்லாப் பெண்களும் அழுவார்களாம். ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை.

சாமி, நான் ஊரையே ஏமாத்தறேன். வேணும்னு இல்ல. சத்தியமா வேணும்னு இல்ல.

14-7-1983

குடிசையைப் பிரித்துக் கொளுத்திவிட்டார்கள். பச்சை ஓலை எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது.

2-8-1983

இன்று எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி: சொன்னால் என்ன ஆகும்?

அம்மா சிரிப்பு போகும். மாமா செய்த சீர் வீண். அப்பாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வந்திருக்கிறது என்று ஊர் பேசும். மாமா வீட்டிலும் சரி, வேறு எங்கேயும் சரி, பெண் கேட்க யார் வருவார்கள்? அத்தைக்கும் பெண் குழந்தை இருக்கிறது, அதற்கும் சேர்த்துப் பேசுவார்கள்.

சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். கடைசியில் அப்பாவின் கை என் கையை விடச் சின்னதாக இருந்தது.

19-8-1983

என் துணியில் கறை பார்க்கும்போதெல்லாம் அம்மா என்னைத் தூரம் என்று ஒதுக்கி உட்கார வைக்கிறாள். அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது. மாதத்தில் பாதி நாள் மூலையில்தான். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்று பஜாரில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"மாசத்துல மூணு வாட்டி ஆவறா டாக்டரம்மா."

"புதுசுதானே? மொத வருஷம் முன்ன பின்னத்தான் இருக்கும்." டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் ரொம்பக் கம்மி. வயிறு வலிக்குதாம்மா?"

"வலிக்குதுங்க."

வேறு எதுவும் என்னைக் கேட்கவில்லை. அம்மா சொன்னதைத்தான் அவர் எழுதிக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

கறுப்பு டானிக் கொடுத்தார். அதைக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது. இப்போது வெள்ளைப் பீங்கானிலும் எது என்னவென்று தெரிவதில்லை.

10-9-1983

அஃப்ஸர் ஜஹானைப் பார்க்கப் போனேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். திரைக்குப் பின்னால் உள்ளறையில் உட்கார்ந்து பூவேலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரத்தம் ஜாஸ்தியா போவுது அஃப்ஸர்."

"அரே, அதுக்கா பேஜார் ஆயிட்டே? எனக்கும் ஜாஸ்திதான். வெந்தயம் முழுங்கு."

"அது இல்ல. இது வேற..."

அவள் அம்மா டீயோடு வந்துவிட்டார். அஃப்ஸருக்கு வாணியம்பாடியில் பேசி முடித்திருக்கிறார்களாம். அவள் ஊசியிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ நல்லாப் படி. எனக்கும் சேத்துப் படி" என்றாள்.

சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

4-10-1983

பிரேயரில் மயங்கி விழுந்தேன். எழுப்பியபோது வாயில் மண். டீச்சர், "சாப்டுட்டு வர்றதில்லையா?" என்றார். உண்மைதான். சாப்பிட்டால் போகவேண்டி வருகிறது, போனால் பார்க்கவேண்டி வருகிறது.

8-10-1983

சொல்ல எனக்கு வார்த்தை வராது. வாயைத் திறந்தால் அம்மா அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொள்கிறாள். காட்டிவிடுகிறேன். நாளை ஞாயிறு.

9-10-1983

"அம்மா, என்கூட ஓடைக்கு வா."

"இப்பவா? பட்டப் பகல்லயா? பைத்தியமா உனக்கு?"

"வாம்மா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வேலிகாத்தான் புதருக்கு அந்தப்பக்கம் காவல் நின்றாள். யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கூப்பிட்டேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். கூட்ஸ் வண்டி ஒன்று போக ஆரம்பித்தது. அது முழுக்கப் போய் முடியும் வரை அவள் நிமிரவில்லை.

"இது... இது தூரம் இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கும் இதுதாம்மா. ஒரு வாட்டிகூட அது வரல."

ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரயில் பாதையைத் தாண்டும்போதும் விடவில்லை, எங்கள் தெருவுக்குள் வந்த பிறகும் விடவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, "யாரு கிட்டயும் சொல்லாத" என்றாள்.

11-10-1983

துத்தி இலை பறித்து வந்திருக்கிறாள். விளக்கெண்ணெயில் வதங்கும் வாசனை வீடு முழுக்க. மூலந்தான், வெறும் சூடு, சரியாய்டும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். தட்டை என் முன்னால் வைத்தாள். தின்றேன். எதிரில் அப்பா போட்டோ.

15-10-1983

இன்றும் இலை. கையில் எடுத்தேன், வாயில் வைக்க முடியவில்லை. தட்டைத் தள்ளினேன்.

"அம்மா, அந்த டாக்டர் சொன்னாரே. பொண்ணையும் கூட்டிட்டு வாங்கன்னு."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "நீ கேட்டியா?"

"அங்கதான் நின்னுட்டிருந்தேன். நீயும் கேட்டியா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு அணைந்துவிட்டது.

"கூட்டிட்டுப் போனா இருக்குன்னு சொல்லிடுவாங்களேன்னு... கூட்டிட்டுப் போகாட்டி, இல்லன்னே நெனச்சிக்கலாம் இல்ல? ரெண்டு வருசமா அப்படித்தாண்டி நெனச்சிட்டிருந்தேன். அன்னிக்குப் பூங்காவனம் கத்தினப்ப எவ்ளோ சந்தோசம். எம் பொண்ணு உடம்பு நல்லா இருக்கு, நேரத்துக்கு எல்லாம் நடக்குதுன்னு."

இரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம்.

19-10-1983

வேலூர். அம்மா கம்பெனியில் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அதே டாக்டர்தான். ராமமூர்த்தி என்று கதவில் எழுதியிருக்கிறது. அப்பா பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அப்பவே வந்திருக்கலாமே?"

அம்மா தலையைக் குனிந்தாள். அவர் அதோடு விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார். எப்போதிருந்து, எப்படி, வலிக்கிறதா என்று. என்னைப் பார்த்து. நான் எல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பீங்கானிலிருந்து ஓடை வரைக்கும். பெருக்கெடுத்து வந்தது, நிறுத்த முடியவில்லை.

நாளை சோதனை. பேதி மருந்து கொடுத்திருக்கிறார்கள். வார்டில் பெரியவர்கள்தான், என் வயதில் யாரும் இல்லை.

20-10-1983

பயந்த அளவு இல்லை. நர்ஸம்மா ஒருவர் கூடவே நின்று கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு வைத்த குழாய். வலித்தது, பொறுத்துக்கொண்டேன்.

24-10-1983

டாக்டர் சொன்னதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

பெருங்குடலின் உள்பக்கம் நிறைய மொட்டுகள். பாலிப் என்று பெயர். நூற்றுக்கு மேல். பெரிதாக இருந்த இரண்டை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. இன்னும் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் ஒரு நாள் மாறும், மாறாமல் இருக்காது. அப்பாவுக்கு மாறியது போல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்ததும், மாறுவதற்கு முன்பே, பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலைக் கீழே இணைத்துவிடுவார்களாம்.

"கொடலே இல்லாம எப்படிங்க?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கலாம்மா. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணமும் பண்ணிக்கலாம். உங்க வீட்டுக்காரரை நாங்க கடைசியில பாத்தோம். இவளை ஆரம்பத்துல பாக்கறோம். அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு அவர் கேட்டார்: "அப்பா கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

5-11-1983

தீபாவளிக்கு மாமா வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில், "அப்ப நான் எதுக்கு ஓலை வெட்டினேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டார். சாப்பிடாமல் போய்விட்டார். கொலுசைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். "கெடக்கட்டும்" என்று பெட்டியில் போட்டாள்.

அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. இரண்டு முறை போய் அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள்.

"பின்னாடி கொழாய் வுடுவானாமே! எங்கண்ணனுக்கு வுட்டான், பொழச்சாரா? எனக்கு இருக்கறது சூடு. உன் பொண்ணுக்கு வந்தது தூரம். நானே என் ரெண்டு கண்ணால பாத்தேன், நானே தண்ணி ஊத்தினேன். ஆஸ்பத்திரிக்காரன் பேச்சக் கேட்டுக்கிட்டு எங்க வம்சத்துக்கே கெட்ட பேர் கட்டறியா அண்ணி? எனக்கும் ஒரு பொண்ணு கீது, தெரியுமில்ல?"

அம்மா சொல்வதை அத்தை நம்பமாட்டாள். அன்று பார்த்தது அத்தையின் கண்.

13-11-1983

இன்று குழாயடியில் கூட்டம். தண்ணீர் வரத் தாமதம். அத்தையும் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி, "வாடி மருமவளே! தூரம் நின்னுதா, இன்னும் ஊத்துதா?" என்றாள். சிரிப்பு.

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"அத்தை, எனக்குத் தூரமே வரல. அன்னிக்கு நீ பாத்தது அந்த ரத்தம் இல்ல. கொடல்லேர்ந்து வந்தது. எனக்கு அன்னிக்கே தெரியும். பயந்துக்கிட்டு சொல்லல. உனக்கு இருக்கறதும் அதுதான். எங்கப்பாவுக்கு இருந்ததும் அதுதான். பகல்ல போய்ப் பாரு அத்தை. ஒரே ஒரு வாட்டி பகல்ல போய்ப் பாரு."

யாரோ ஒருத்தி, "அப்ப தண்ணி ஊத்தனது?" என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குடம் காலியாகத்தான் இருந்தது.

எழுத்து கோணல் கோணலாக வருகிறது.

17-11-1983

விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பையை எடுத்துவிட்டு அஃப்ஸர் இடத்தை ஒரு புதுப்பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் இன்று வேறு வரிசைக்குப் போய்விட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் பை மறுபடி அங்கே.

20-11-1983

அத்தை இந்த ஞாயிறு வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே தலை வாரிக்கொண்டாள்.

24-11-1983

மத்தியானம் அம்மா வீட்டில் இருந்தாள், கம்பெனியில் கரண்ட் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். கதவு தட்டும் சத்தம்கூட இல்லை, அத்தை உள்ளே வந்து நின்றாள். முகம் கழுவி, வேறு புடவை கட்டியிருந்தாள்.

"போய்ப் பாத்தேன் அண்ணி" என்றாள்.

அவ்வளவுதான். அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

12-12-1983

அத்தைக்கு ஆபரேஷன் முடிந்தது. ஒரு மொட்டு மாறியிருக்கிறது. குடல் சுவரைத் தாண்டி வெளியே போகவில்லை, ஈரலில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அத்தைக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது: "வெளிய எடுத்தத எங்க வெச்சிருக்காங்க? நாய் தூக்கிட்டுப் போய்டப் போவுது." நர்ஸம்மா சிரித்துவிட்டார். நான் நடைவழிக்குப் போய் அழுதேன். அப்பாவுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

28-1-1984

இன்று உண்மையாகவே வந்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் சாதாரணமாக இருந்தோம். சாயங்காலம் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தாள்.

3-3-1984

அஃப்ஸர் ஜஹானுக்கு நிக்காஹ் நடந்துவிட்டதாம். அழைப்பு வரவில்லை. மாமாவும் வருவதில்லை. பொங்கலுக்கு வரிசையும் வரவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஆனால் இப்போது எதைப் பேசவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

24-4-1984

வேலூர். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பகலில் எழுதுகிறேன். ஆறு மாதச் சோதனைக்கு வந்திருக்கிறேன். நேற்றிலிருந்து கஞ்சித்தண்ணீர் மட்டும். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை கூட வந்திருக்கிறாள், அவளுக்கும் இன்று பார்க்கிறார்கள். அத்தை கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு முறை போகவேண்டியிருக்கிறது. அதனால் கடன் வாங்கிக் கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்டிவிட்டாள். எங்கள் தெருக்களில் முதல் கக்கூஸ். "மகாராணிக்கு விடியற வரைக்கும் காத்திருக்க முடியல" என்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். கிண்டல் செய்கிறவர்களே சாவியும் கேட்டு வருகிறார்களாம்.

அவள் பெண்ணுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சோதனை ஆரம்பித்தால் போதும் என்றிருக்கிறார் டாக்டர்.

"இன்னாடி எளுதற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"என்னப் பத்தியா? நல்லபடியா எளுது."

உள்ளே இருந்து, "அமிர்தவள்ளி, சுந்தரமூர்த்தி மகள்" என்று கூப்பிடுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. புதிதாக எதுவும் இல்லாமல் இருக்கவேண்டும்.

அத்தை கையை நீட்டுகிறாள். "அந்த நோட்ட இங்க குடு. நான் வெச்சிருக்கறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, பயப்படாம போ."

கொடுத்துவிட்டுப் போகிறேன்.